ரெண்டுக்கு மேல

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே முடிதிருத்துபவர் கத்திரியைக் கீழே வைத்துவிடுவார். நாற்காலியில் யார் அரைகுறைத் தலையோடு உட்கார்ந்திருந்தாலும் சரி. தெருவில் அவருக்கு 'நாலு மணி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். வலி ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. வலது கண்ணுக்குப் பின்னால் திருப்புளி வைத்துத் திருகுவதுபோல் ஆரம்பிக்கும். கண் சிவந்து, இமை தொங்கி, மனுஷன் கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார், சுவரில் தலையை மோதுவார். முழுசாக ஒரு மணி நேரம்.

மூன்று வாரத்துக்கு முன் டாக்டர் ஆக்சிஜன் எழுதிக் கொடுத்தபோது மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது அவளுக்குக் கைவந்த சமாசாரம். நுரையீரல் கெட்டுப்போன அப்பாவை ஐந்து வருஷம் சிலிண்டரோடு வைத்துப் பார்த்தவள். சிலிண்டர்காரர் விளக்கிச் சொல்ல வாயெடுத்ததுமே, "எனக்கே பாடம் எடுக்கறீங்களாண்ணே?" என்று சிரித்து அனுப்பிவிட்டாள். சீட்டில் காற்றின் அளவு 12 என்றிருந்தது. அப்பாவின் சீட்டில் 1-2 என்றிருக்கும். இந்த டாக்டர் நடுவில் கோடு போட மறந்துவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு ரெண்டிலேயே வைத்தாள். "ரெண்டுக்கு மேல ஏத்துனா அப்பா மூச்சு விடவே மறந்துடுவாரும்மா" என்று அன்றைக்கு நர்ஸ் சொன்னது அவள் காதை விட்டுப் போகவில்லை.

"கொஞ்சம் ஏத்துடி" என்று கணவர் தினமும் கெஞ்சினார். "உயிருக்கே ஆபத்துங்க, பல்லைக் கடிச்சுக்கோங்க" என்று அவள் சிலிண்டர் குமிழை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் அவர் கை குமிழுக்கு வந்தபோது பட்டென்று அடித்தே விட்டாள்.

இன்று மூன்று மணிக்குச் சிலிண்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

"சிலிண்டர் இன்னுமா தீரல? இந்த வலிக்காரங்க வீட்ல பத்து நாள் தாண்டாதே. எத்தனைல வெக்கிறீங்க?"

"ரெண்டுல."

அவர் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "பன்னெண்டும்மா இது. ரெண்டெல்லாம் நுரையீரல் கெட்டவங்களுக்கு. மாஸ்க்குல தொங்குற பை உப்பணும். உப்பிப் பாத்திருக்கீங்களா?"

அவள் பார்த்ததில்லை. அதைச் சும்மா தொங்குகிற பை என்றே நினைத்திருந்தாள். வண்டியிலிருந்த சிலிண்டரெல்லாம் தீர்ந்துவிட்டதாம். காலையில் முதல் வேலையாகக் கொண்டு வருகிறேன் என்று அவர் போய்விட்டார். இருந்த சிலிண்டரின் மீட்டரில் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குப் பன்னிரண்டில் வைத்தாள். பை உப்பியது. கணவர் முழங்காலில் முழங்கையை ஊன்றி இழுத்து இழுத்துச் சுவாசித்தார். ஏழாவது நிமிடம் தலையைப் பிடித்திருந்த கை தானாக இறங்கியது.

"குறையுதுடி" என்றார். "இன்னைக்குத்தான் இது வேலை செய்யுது."

நான்தாங்க பாவி என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் காற்றின் சத்தம் மெலிந்து நின்றுபோனது. பை ஒட்டிக்கொண்டது. அவர் மறுபடியும் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"ஏத்து."

குமிழ் போய் முட்டி நிற்கும் வரைக்கும் ஏற்றினாள்.

"ஏத்துடி!"

"ஏத்திட்டேங்க."

அவர் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்து நடந்தார். அவள் முந்திக்கொண்டு ஓடி, அவர் நெற்றி வந்து மோதும் இடத்தில் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"கையை எடு."

"மாட்டேன். நீங்க மோதுங்க."