பட்டியலில் மூளி

நாலு காலில் தவழ்வதற்குச் சம்பளம் தருகிற வேலை உலகத்திலேயே நம்முடையது ஒன்றுதான் என்று சுடலைமுத்து சொல்வார். பொய்யில்லை. குற்றாலத்து அருவிகளுக்குத் தண்ணீர் சேர்கிற காட்டுக்குள் புலிக் கணக்கெடுப்புக்காகத் தானியங்கிக் கேமராக்களைக் கட்டும்போது, அவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க ஒருவர் புலி உயரத்துக்குக் குனிந்து முன்னால் தவழ்ந்து போக வேண்டும். சுவிட்சைச் சோதனைக்குத் தள்ளிவிட்டு ஒருவர் தவழ, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று மற்றவர் பார்ப்பார். எரிந்தால் சுவிட்சை ஓட்டத்துக்கு மாற்றி மூடிவிட்டு வரலாம். மாற்றாமல் விட்டால் விளக்கு மட்டும்தான் எரியும். படம் விழாது.

கடற்கரையும் சுடலைமுத்துவும் பதினான்கு வருடம் இப்படி மாறி மாறித் தவழ்ந்தவர்கள். இரண்டு பேருமே தற்காலிக வேட்டைத் தடுப்புக் காவலர்கள். நிரந்தரம் ஆகும், ஆகும் என்று காத்திருந்ததில் சுடலைமுத்துவின் முழங்கால் போனதுதான் மிச்சம். அவர் இறங்கிப்போய்ப் பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளிக்கு எடை போடுகிறார். முகாமில் அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. மலைமேல் முகாமில் கடற்கரை ஒருவரே பொங்கி, ஒருவரே தின்று, ஒருவரே சுற்றிவந்தார்.

கீழே இறங்கினாலும் யார் இருக்கிறார்கள்? மனைவி முத்துலட்சுமி இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகளைக் கொல்லத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாறைமேல் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும்; "சாப்பிட்டியளா அப்பா" என்பாள், "சாப்பிட்டேம்மா" என்பார், அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. தனியாக இருந்து பழகிவிட்டது என்று அவர் எல்லாரிடமும் சொல்வார். பழகவாவது ஒன்றாவது. சில நாள் தன் குரலே மறந்துவிடுமோ என்று பயந்து சட்டியோடும் விறகோடும் பேசிக்கொண்டிருந்தார்.

அவருக்கென்று அந்தக் காட்டில் இருந்தது மூளி மட்டும்தான். இடது காது பாதி கிழிந்த பெண்புலி. ஆபீசில் அதற்கு ஒரு நம்பர் உண்டு. மூளி என்று பேர் வைத்தவர் சுடலைமுத்து. மூன்று குட்டிகளோடு அவளை முதலில் பார்த்தது பதினோரு வருடத்துக்கு முன்னால். கிழவியாகிவிட்டாள். போன வருடக் கணக்கெடுப்பில் ஒரு படத்திலும் விழவில்லை. இந்தப் பொங்கல் கழிந்து ஒரு காலையில் ஓடைக்கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவளைக் கடற்கரை கண்ணாரக் கண்டார். இடுப்பெலும்பு துருத்தியிருந்தது. அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு, நீதானா என்பதுபோல மறுபடி குனிந்து குடித்தாள். அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ஒரு காவலர் கண்ணால் கண்டதெல்லாம் கணக்கில் வராது. படம் வேண்டும். இரண்டு கணக்கெடுப்பில் தொடர்ந்து விழாத கிழட்டுப் புலியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது அந்த ஆபீசின் நடைமுறை. அதனால் இந்த வருடம் ஓடையைக் கடக்கிற ஓடைப்பாறை இடுக்கில் கேமராக்களைக் கட்டும்போது, "எம்மா, ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயிரு" என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டார்.

கேட்டென்ன. அவர் செய்த காரியம் அப்படி. பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே இரண்டு கேமரா. தவழவும் வேண்டும், விளக்கையும் பார்க்க வேண்டும், ஆளோ ஒருவர். தவழ்ந்துகொண்டே கழுத்தைத் திருப்பி இடதுபக்கம் பார்த்தார், எரிந்தது. வலதுபக்கம் பார்த்தார், எரிந்தது. அந்த நேரம் மூங்கில் ஒடிகிற சத்தம். பக்கத்திலேயே யானை. இரண்டு மூடியையும் சாத்திவிட்டு விழுந்தடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

இருபத்திரண்டு நாள் கழித்து, படம் பதிகிற கார்டுகளை மாற்றப் போனபோது மூடியைத் திறந்தார். சுவிட்சு சோதனையிலேயே நின்றது. எதிர்ப்பக்கமும் அப்படியே. கீழே ஈரமணலில் ஒரு புலித்தடம், ஓரம் கரைந்துபோய்க் கிடந்தது. மூளியுடையதுதான் என்று அவர் மனசு அடித்துச் சொன்னது. அவர் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சுவிட்சை மாற்றினார். போய்ப் பார்த்ததைக் குறிக்கிற பார்வைத் தாளில், "கேமரா இயங்குகிறது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பதினான்கு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது.

மீதி நாட்களில் அங்கே மிளா மானும் முள்ளம்பன்றியும்தான் விழுந்தன. கணக்கெடுப்பு முடிந்து, கீழே ஆபீசில் பெர்சிஸ் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். சுரண்டைக்காரப் பெண், புலிகளின் வரிகளை ஒப்பிட்டுப் பார்த்து இது இன்ன புலி என்று சொல்கிற ஆராய்ச்சியாளர். கடற்கரை கார்டுகளோடு எதிரே நின்றார்.

"ஓடப்பாறை முதல் ரெண்டு கார்டும் நல்லாத்தான் தொறக்குது அண்ணாச்சி. உள்ள ஒண்ணுமே இல்ல," என்றாள். "அந்த இடுக்குல எப்பவும் நடமாட்டம் கம்மிதான், என்னா?"

அவர் கையிலிருந்த மீதிக் கார்டுகளை மேஜைமேல் வைத்தார்.

"தாள்ல இயங்குதுன்னு எழுதியிருக்கிய. நீங்க எழுதியிருந்தா எனக்குச் சந்தேகமே கெடையாது. அப்போ மூளி இந்தத் தடவையும் வரல. மத்த எடத்துலயும் இல்ல. வயசும் ஆயிட்டுல்லா, பாவம். பட்டியல்ல இருந்து எடுத்துர வேண்டியதுதான்."

அவள் விரல் விசைப்பலகைக்குப் போனது. ஜன்னலுக்கு வெளியே சாரல் தொடங்கியிருந்தது; அருவிக்குப் போகிற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வாயை மூடிக்கொண்டு நின்றால் வேலை நிலைக்கும். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

"ஒரு நிமிசம் இரிங்கம்மா. அது இயங்கல."

"எது?"

"ரெண்டு கேமராவும். சுவிச்ச மாத்தாம வந்துட்டேன். இருவத்திரெண்டு நாளும் சோதனைலயே கெடந்திருக்கு. தாள்ல எழுதுனது பொய்யி."

பெர்சிஸ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "இத ஏன் அண்ணாச்சி இப்பச் சொல்லுதிய? நான் மேல எழுதியாகணும்லா. உங்க வேலைக்கு..."

"நான் சொல்லலேன்னா அவ செத்தவளா ஆயிருவா. நான் செஞ்ச கூத்துக்கு அவ எதுக்குச் சாவணும்? எழுதிக்கிடுங்க."

அவள் எழுதினாள். ஓடைப்பாறையில் இருபத்திரண்டு நாள் கணக்கெடுப்பு நடக்கவில்லை என்று பதிவானது. மூளியின் வரிசையில், "உறுதி செய்யப்படவில்லை, அடுத்த ஆண்டு பார்க்க" என்று விழுந்தது. ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தை அவர் வாங்கிக்கொடுத்துவிட்டார்.

அதற்கான தண்டனை பெரிதாக ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். வேலையைப் பிடுங்கவில்லை. மலையிலிருந்து இறக்கி, ஐந்தருவிக்குப் போகிற வழியில் சோதனைச்சாவடியில் போட்டார்கள். பைகளைத் திறந்து சோப்பு, ஷாம்பு, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நிரந்தரம் என்கிற பேச்சு அதோடு போயிற்று. மூளி நடக்கிற காட்டுக்கு அவர் ஏற முடியாது; புதிதாக வந்த இரண்டு பேர் அங்கே தவழ்ந்தார்கள். சீசனில் நாளைக்கு ஆயிரம் பேர் அவர் முன்னால் பையைத் திறந்து காட்டினார்கள், ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மலைமேல் தனியாக இருந்ததைவிட இது மோசமாக இருந்தது. அங்கேயாவது பார்ப்பதற்கு ஒருத்தி இருந்தாள்.

அடுத்த ஆனி மாதம், சாரல் நன்றாகப் பிடித்த ஒரு பகலில் பெர்சிஸ் சாவடிக்கு வந்தாள். குடையை மடக்கிவிட்டு ஓரமாக நின்றாள். வரிசை கொஞ்சம் குறைந்ததும் அவர் அவளிடம் போனார்.

"ஓடப்பாறைல இந்த வருசம் புலி விழுந்திருக்கு அண்ணாச்சி," என்றாள்.

கடற்கரை இன்னும் ஓர் எட்டு கிட்டே வந்தார்.

"எளவட்டம். ஆம்பளப் புலி. மூளி நடந்த எடம் பூரா இப்ப அவன்தான் நடக்கான். ஆபீசுல எல்லாருக்கும் சந்தோசம். ஒண்ணு போயி ஒண்ணு வந்துட்டு, எண்ணிக்க கொறையலன்னு சொல்லுதாவ." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மூளி எங்கயுமே விழல. கேமரா எல்லாம் நல்லா ஓடிச்சு, நானே கூடப்போயிப் பாத்தேன். சாயங்காலம் பட்டியல அனுப்பணும். அவளத் தூக்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடலாம்னு வந்தேன்."

கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. ஆனாலும் தென்காசியிலிருந்து பஸ் ஏறி மழையில் வந்து நிற்கிறாள். நம் பக்கத்தில் ஒரு கேதம், ஒரு சாவு என்றால் சொந்தக்காரருக்கு நேரில் போய்த்தான் சொல்வார்கள். கடற்கரைக்கு அது புரிந்தது.

"எடுத்துருங்கம்மா," என்றார்.

அவள் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கூட வேலை பார்க்கிற ரவி நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க அண்ணாச்சி, கூட்டம் இப்படி நிக்கையில?"

"துட்டிச் செய்தி வந்திருக்கு. குளிச்சிட்டு வந்துருதேன்."

"யாரு?"

"நமக்கு வேண்டிய பொம்பள."

ரவி அதற்குமேல் கேட்கவில்லை. சாவுச் செய்தி கேட்டால் உடுத்த துணியோடு தலைக்குத் தண்ணீர் விட வேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. கடற்கரை காக்கிச் சட்டையோடு நேரே அருவிக்கு நடந்தார். எண்ணெய் தேய்த்த உடம்புகளுக்கு நடுவே புகுந்து தலையைக் கொடுத்தார். யாரோ உடுப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். தண்ணீர் விழுகிற இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. அவர் வாய்விட்டு அழுதார். பக்கத்தில் நின்று குளித்த ஒருவன் அவரை முழங்கையால் இடித்து, காதருகே வந்து, "என்ன அருமையா விழுது பாத்தியளா?" என்று கத்தினான். ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார்.