மேசையைத் திருப்பச் சொன்னவள்

டாக்டர்கள் எழுதும் மருந்துச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஆஸ்பத்திரியில் அவள் வேலை. பதினோரு வருடத்தில் ஒரு குறை சொல்ல ஆளில்லை. போன வருடம் அறையை மாற்றினார்கள். தலைவலியும் கூடவே வந்தது. முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல், உச்சந்தலைக்கு நேர் மேலே இரண்டு டியூப்லைட். எல்லா வெளிச்சமும் திரையில் விழுந்து எழுத்தை விழுங்கியது. மதியத்துக்குள் கண் எரிந்து தண்ணீராய்க் கொட்டும். யாரை நினைத்து இப்படி அழுகிறாய் என்று பக்கத்து மேசைக்காரி கேலி செய்வாள்.

அவள் புருஷன் எலெக்ட்ரீஷியன். சாப்பாடு கொடுக்க வந்தவன் பார்த்ததுமே சொல்லிவிட்டான்: ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்ப வேண்டும், ஜன்னலுக்குத் திரைச்சீலை, மேல் விளக்கை அணைத்துவிட்டு, மருந்துச் சீட்டின் மேல் மட்டும் விழும்படி ஒரு சின்ன விளக்கு. அவள் மேலாளரிடம் மூன்று தடவை கேட்டாள். வயர் எட்டாது என்றார், பார்க்கலாம் என்றார், கடைசியில், உனக்கு மட்டும்தான் கண் இருக்கிறதா என்றார். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாய்ந்த வெயில் திரையில் அப்பியிருந்த நேரம், இன்சுலின் ஆறு என்றிருந்ததை அறுபது என்று ஏற்றிவிட்டாள். விரல் கூடுதலாகத் தட்டிய பூஜ்யம் கண்ணில் படவில்லை. வேலைக்குப் புதிதான நர்ஸ் திரையில் இருந்ததை அப்படியே ஊசியில் ஏற்றினாள். மறுநாள் வீடு திரும்ப வேண்டிய நோயாளி, மூன்று பிள்ளைகளின் தாய், கண் விழிக்கவேயில்லை.

விசாரணையில் அவள் எதையும் மறைக்கவில்லை. வெளிச்சத்தைப் பற்றியும் சொன்னாள். எழுத்தில் கொடுத்தாயா என்று கேட்டார்கள். கொடுக்கவில்லை. வேலை போயிற்று.

பத்து நாள் கழித்து அந்த அறையில் விளக்கு மாற்றும் வேலை புருஷனுக்கே வந்தது. அவன் முடியாது என்று குதித்தான்.

"போயிட்டு வாங்க," என்றாள் அவள்.

"உன்னைத் தூக்கிப் போட்டவங்களுக்கா நான் விளக்கு மாட்டணும்?"

"அவங்களுக்கு இல்லீங்க. படுக்கையில இருக்கறவங்களுக்கு."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் விசாரித்து வைத்திருந்த வீட்டைத் தேடிப் போனாள். இறந்தவளின் மூத்த மகள் கதவைத் திறந்தாள்.

"உங்கம்மா மருந்தைத் தப்பா ஏத்தினது நான்தான்."

அந்தப் பெண் திட்டவில்லை, அழவில்லை. கதவைச் சாத்தினாள். உள்ளே யாரோ ஒரு குழந்தை, வந்தது யார் என்று கேட்டது. பதில் கேட்கும் தைரியமில்லாமல் அவள் படியிறங்கினாள்.