சவரிமுத்துவின் ஆறாம் மாதம்

எழிலரசியின் ஆறு மாதக் கர்ப்பம் போன செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆட்டோக்காரர் சவரிமுத்துவின் பெயரில் இருந்தது. பட்டா மாறுவதைவிடச் சுலபமாக மாறிவிட்டது. பட்டாவுக்காவது நாலு தடவை அலையவிடுவார்கள்.

நடந்தது இதுதான். எழிலரசிக்குச் சின்ன வயதிலிருந்தே நடக்க முடியாது. சக்கர நாற்காலிதான். கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். கர்ப்பிணிகளைப் பார்க்கும் செவ்வாயன்று சவரிமுத்து அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றி வந்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அந்த ஆஸ்பத்திரியில் நாற்காலியில் இருப்பவரிடம் யாரும் பேச மாட்டார்கள். தள்ளுகிறவரிடம்தான் கேட்பார்கள். டாக்டரம்மாவும் சவரிமுத்துவைத்தான் கேட்டார்.

"எத்தனை மாசம்?"

"ஆறுங்கம்மா."

"வாந்தி இருக்கா?"

"மலை பஸ்ல போனா வரும்மா."

பதிவேட்டில் சவரிமுத்துவின் பெயரில் எழுதிக்கொண்டார். சவரிமுத்துவின் வயிற்றில் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்தார். துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். முப்பது இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்.

எழிலரசிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. குழந்தையின் துடிப்பைக் கேட்கத்தான் அவள் வந்தாள். ஆறு மாதமாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஒரு வாரத்தில் சவரிமுத்துவுக்கு வயிறு தள்ளிவிட்டது. அவர் மனைவி ரோசலின் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டாள். ஆட்டோ ஓட்டும்போது கலகலவென்று சத்தம் கேட்டது. ஹாரன் தேவைப்படவில்லை. எழிலரசியின் வயிறும் வளரத்தான் செய்தது. பதிவேடு அதைக் கண்டுகொள்ளவில்லை.

"பாரமாத்தான் இருக்கு தங்கச்சி," என்றார் சவரிமுத்து. "ஆனா மனசு நெறைஞ்சிருக்கு."

அடுத்த செவ்வாயன்று இருவரும் மறுபடி கிளம்பினார்கள். வாசலிலிருந்து மகப்பேறு பிரிவுக்கு ஒரு சாய்தளம் உண்டு. சாய்தளம் சரியில்லை என்று யார் மனுக் கொடுத்தாலும் நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்துப் பத்தடி நீட்டிவிடும். மக்கள் சளைக்காமல் மனுக் கொடுத்திருந்தார்கள். இப்போது அதன் நடுவில் ஒரு டீக்கடையும் ஒரு ரேஷன் கடையும் வந்திருந்தன.

டீக்கடை வரை தள்ளிய சவரிமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"முடியல தங்கச்சி. ஆறு மாசம்னா சும்மாவா?"

டீக்கடைக்காரர் பால்கேன் வைத்திருந்த ஆஸ்பத்திரிச் சக்கர நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். மனிதர் நல்ல மனிதர். சவரிமுத்து அதில் உட்கார்ந்தார். எழிலரசி தன் சக்கரங்களை உருட்டி, அவர் நாற்காலியைப் பின்னாலிருந்து முட்டி முட்டித் தள்ளிக்கொண்டே போனாள். அவள் தோள்கள் இருபது வருடமாக இந்த வேலையைத்தான் செய்துவந்தன.

உள்ளே நர்ஸ் நேராக எழிலரசியின் முகத்தைப் பார்த்தாள்.

"கூட வந்தது நீங்கதானா? உக்காருங்கக்கா."

"உக்காந்துதான் இருக்கேன்."

"பேஷண்டுக்கு என்ன செய்யணும்?"

எழிலரசி கட்டிலைப் பார்த்தாள்.

"கட்டில் உசரமா இருக்கு. எறக்குங்க."

நர்ஸ் குனிந்து எதையோ மிதித்தாள். நெஞ்சு உயரத்தில் இருந்த கட்டில் முனகிக்கொண்டே இறங்கியது.

"இது எறங்குமா?"

"வாங்குன நாள்லேருந்து எறங்கும்க்கா. யாரும் கேட்டதில்ல."

"இன்னும் எறக்குங்க."

நாற்காலி மட்டத்துக்கு வந்ததும் எழிலரசி கைகளை ஊன்றி நகர்ந்து கட்டிலில் படுத்தாள். யாரும் தடுக்கவில்லை. கூட வந்தவர் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. டாக்டரம்மா கருவியோடு வந்தார்.

"எங்க வைக்கணும்?"

"இங்க," என்று முந்தானையை விலக்கித் தன் வயிற்றைக் காட்டினாள்.

துடிப்பு கேட்டது. வேகமாக, அவசரமாக, யாரையும் எதிர்பார்க்காமல் துடித்தது. எழிலரசிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"இது என்னுது இல்லம்மா," என்றார் சவரிமுத்து நியாயமாக. "என்னுது கொஞ்சம் நிதானமா அடிக்கும்."

டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டினார்.

"அப்ப இதுல பேஷண்டு யாரு, கூட வந்தது யாரு?"

"ரெண்டும் நான்தான்," என்றாள் எழிலரசி.

அதற்குக் கட்டம் இல்லை. டாக்டரம்மா அளவுகோலை எடுத்து, புதிதாக ஒரு கட்டம் போட்டு, அதில் எழிலரசியின் பெயரை எழுதினார். சவரிமுத்துவின் பெயரை அடிக்கவில்லை. கொடுத்த மாத்திரை வீணாகக் கூடாது என்றார். சவரிமுத்துவுக்கு அதில் பரம திருப்தி.

வெளியே வரிசை சாய்தளம் வழியாக டீக்கடையைத் தாண்டிப் போயிருந்தது. டாக்டரம்மா கருவியை எடுக்கப் போனார். எடுக்காமல் நின்றார். சவரிமுத்துவைப் பார்த்தார். பிறகு கட்டிலில் படுத்திருந்தவளிடமே திரும்பினார்.

"போதுமாம்மா?"

"போதாது," என்றாள் எழிலரசி.