காத்திருப்பு அறையில் செல்லக்குட்டி

சிசிடிவி என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அது டீச்சருக்கும் தெரியும். வெளியே முறைத்தாலும் உள்ளூர ஒரு பெருமை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "மூணாவது பெஞ்சு, பேச்சு போதும்" என்று சொல்லக்கூடிய அறிவியல் டீச்சர் அவர். வகுப்புகள் இணையத்துக்குப் போனபோதும் அந்தக் கண் மங்கவில்லை. கேமராவை அணைத்தவனுக்கு வருகைப் பதிவு கிடையாது. தாமதமாக வந்தவன் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், உள்ளே விடும்வரை, செயலியின் காத்திருப்பு அறையிலேயே தவம் கிடக்க வேண்டியதுதான்.

அப்பேர்ப்பட்டவர் இப்போது தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மடிக்கணினி முன்னால், மாணவியாக உட்கார்ந்திருந்தார். எல்லாம் ஒரு நாற்காலிக்காக. பள்ளியின் தலைமை ஆசிரியை ஓய்வு பெறப்போகிறார். அந்த இடத்துக்கு முதல் ஆளாக நின்றவர் சிசிடிவி. அவர் முதுகுக்குப் பின்னாலேயே கணக்கு வாத்தியார். நிர்வாகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது: இணையவழிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து தேர்ச்சி பெற வேண்டும். டீச்சர் தேறினால் நாற்காலி அவருக்கு, தேறாவிட்டால் கணக்குக்கு. கணக்கு வாத்தியாரும் அதே வகுப்பில் சேர்ந்தார். வாய் திறக்காத மனிதர், எப்போதும் புன்னகை. அந்தப் புன்னகையைக் கண்டாலே டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வகுப்பில் இருந்த நாற்பது பேரும் ஆசிரியர்கள். நாற்பது சமையல்காரர்களை ஒரே பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை; உப்பு பார்க்கத்தான் தோன்றியது. பாடம் நடத்தியவர் பாவம், அதிர்ந்து பேசத் தெரியாத பயிற்சியாளர். அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்னால் நாலு பேர் முடித்துவைப்பார்கள். அதில் மூன்று பேர் சிசிடிவிதான்.

கடைசி வகுப்பு அன்று பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே ஒரு குண்டைப் போட்டார்.

"இன்னிக்கு நீங்க யாரும் டீச்சர் இல்ல. எல்லாரும் ஸ்டூடண்ட்ஸ். பேசாம உக்காந்து கேளுங்க. எப்படிக் கேக்கறீங்கன்னு பாத்துத்தான் மார்க். நாம முதல்ல எடுத்துக்கப்போறது..."

என்ன எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்பது யாருக்கும் தெரியவில்லை. திறந்த வாய் திறந்தபடியே அவர் உறைந்து நின்றார். பிறகு திரையிலிருந்தே காணாமல் போனார். அவர் வீட்டில் மின்சாரம் போய்விட்டது என்பது பின்னால்தான் தெரிந்தது. அடுத்த நொடி டீச்சரின் திரையில் ஓர் அறிவிப்பு எழுந்தது: இனி இந்தக் கூட்டத்தை நடத்துபவர் நீங்கள்.

நடத்துபவர் விழுந்துவிட்டால் கண்ணில் பட்ட யாரிடமாவது பொறுப்பைத் தள்ளிவிடுவது அந்தச் செயலியின் வழக்கம். டீச்சர் அப்படி நினைக்கவில்லை. நாற்பது பேரில் தன்னை அடையாளம் கண்டுகொண்ட அந்தச் செயலிக்காவது மூளை இருக்கிறதே என்று நினைத்தார். பேசாமல் உட்காரச் சொன்னது நினைவில் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு வகுப்பு ஆளில்லாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? கை பரபரத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் கேமராவை ஆன் பண்ணுங்க. ஒரு முகம்கூட விடுபடக் கூடாது."

மந்திரம் போட்டது போல நாற்பது முகங்களும் வந்தன. ஒருவர் வாயில் பல்துலக்கும் பிரஷ் இருந்தது. அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. பிறகு பாடம் தொடங்கியது. இணையவழியில் மாணவர்களை எப்படிக் கட்டி மேய்ப்பது என்பதுதான் பாடம். அதில் அவருக்குப் புத்தகம் எதற்கு?

பத்து நிமிடம் போயிருக்கும். காத்திருப்பு அறையில் யாரோ தட்டினார்கள். பெயர்: செல்லக்குட்டி.

"யாரோ வீட்டுக் குழந்தை போனை வெச்சு விளையாடுது. அப்படியே பெரியவங்களா இருந்தாலும் இவ்வளவு லேட்டா வந்தா எடுக்கறதில்ல. நாம இறங்கிக் குடுத்தா தலைமேல ஏறிடுவாங்க. இதையும் குறிச்சுக்கோங்க."

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். செல்லக்குட்டி விடுவதாக இல்லை. தட்டுவதும், டீச்சர் ஒதுக்கிவிடுவதும், மறுபடி தட்டுவதுமாக நேரம் போனது. நடுவில் கணக்கு வாத்தியாருக்கு ஒரு போன் வந்தது. காதில் வைத்துக் கேட்டார், முகம் மாறியது, உடனே கையை உயர்த்தினார்.

"கையை இறக்குங்க சார். கேள்வி எல்லாம் கடைசில."

"இல்ல டீச்சர், வெளிய நிக்கறது..."

"சார், பேசாம உக்காந்து கேக்கணும்னு சொன்னாங்களா இல்லையா?"

சொன்னார்கள்தான். கணக்கு வாத்தியார் கையை இறக்கினார். மைக்கை அணைத்தார். கைகட்டி உட்கார்ந்தார். பழைய புன்னகை மெல்லத் திரும்பி வந்தது.

பாடம் முடிந்தபோது டீச்சருக்கு மனசு நிறைந்திருந்தது. இப்படி ஒரு வகுப்பு எடுத்து எவ்வளவு காலமாயிற்று. அந்த நல்ல மனநிலையில், போனால் போகிறதென்று செல்லக்குட்டியை உள்ளே விட்டார். திரையில் பயிற்சியாளரே வந்து உட்கார்ந்தார். கையில் மகளின் டேப்லட், முகமெல்லாம் வியர்வை.

டீச்சர் அவசரமாகக் கையைக் கூப்பினார்.

"பரவால்ல மேடம்," என்றார் அவர். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. "கணக்கு சார் போனை ஆன்லயே வெச்சிருந்தார், அதுல எல்லாம் கேட்டேன். அவரு ஒரு வார்த்த பேசாம கேட்டுட்டு இருந்தாரு, நல்ல ஸ்டூடண்ட். நீங்களும் நல்லா நடத்தினீங்க. ஆனா நான் உங்களுக்கு ஸ்டூடண்டாத்தான் மார்க் போடணும். ஒரே கேள்வி, பதில் சொன்னா பாஸ். இன்னிக்கு நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?"

ஒளிய இடமில்லை. அவரே திறக்கச் சொன்ன கேமராக்களிலிருந்து எல்லா முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. எத்தனையோ பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்துக் கேட்ட கேள்வி அது. அதிலிருந்து பிள்ளைகள் எப்படித் தப்பிப்பார்கள் என்று யோசித்தார். வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. மைக் வேலை செய்யாதது போலக் காதைத் தொட்டுக் காட்டி, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

"மேடம், மைக் ஆஃப்ல இருக்கு," என்றது ஒரு குரல்.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து அவர் கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, சும்மா வாயை அசைக்கிற, தொண்ட கட்டிடுச்சா? டீ போடட்டா?"

நாற்பது வீடுகளிலும் அது கணீரென்று கேட்டது. பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "டீ வேணுமான்னு கேக்கறாரு மேடம்," என்றார் மெதுவாக. "அவருக்குச் சொல்லிட்டு எனக்கும் சொல்லுங்க. நான் வெயிட் பண்றேன்."

டீச்சர் எப்படியாவது வெளியேறிவிட வேண்டும் என்று சிவப்புப் பொத்தானை அழுத்தினார். நடத்துபவர் அவர் அல்லவா? அவரோடு சேர்த்து நாற்பது பேரின் வகுப்பும் முடிந்தது.

கணவர் இரண்டு டம்ளரோடு வந்தபோது திரை கறுத்திருந்தது.

"என்ன, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? பாஸா?"

டீச்சர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"கணக்கு வாத்தியார் பாஸ்," என்றார்.