எக்ஸ் என்றால் எத்தனை நிமிஷம்

பெல்ட்டில் சோப்புப் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. பெரியக்கா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றபடி டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு ஷிஃப்டுக்கு நாலு தடவையாவது கழிவறைக்குப் போயாக வேண்டும். போய்வரத் தாமதமானதற்காக ஏற்கெனவே இரண்டு மஞ்சள் சீட்டு வாங்கியிருந்தாள். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில், முட்டிவலியோடு போய் நின்றால் வேறு யார் அவளைச் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள்?

அன்று காலை புது மேனேஜர் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார். கணக்கு என்றால் அவருக்கு உயிர். பழைய மேனேஜர் "சீக்கிரம் வாங்க" என்று கத்துவதோடு சரி. இவர் கத்துவதே இல்லை, சமன்பாடு எழுதினார்.

பெரியக்காவுக்குப் பக்கத்தில் நின்று லேபிள் ஒட்டுகிறவள்தான் அதைப் படித்துக் காட்டினாள். பத்தாவதில் கணக்குக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவள் அவள். அந்தத் தொண்ணூற்றெட்டை வைத்துக்கொண்டு பத்து வருஷமாக லேபிளைக் கோணாமல் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"மொத்த இடைவேளை நாப்பது நிமிஷம். சாப்பாட்டுக்கு இருபது, டீக்கு எட்டு. பாத்ரூம் நாலு தடவை, தடவைக்கு எக்ஸ் நிமிஷம். எக்ஸை நாமளே கண்டுபிடிச்சுக்கணுமாம்."

"எக்ஸ்னா யாரு?"

"யாருமில்லக்கா. எத்தனைன்னு தெரியாததுக்கு அப்படி ஒரு பேரு."

"தெரியாததை எதுக்குடி நோட்டீஸ்ல போடுறான்? தெரிஞ்சுகிட்டு வந்து போடட்டுமே."

லேபிள்காரி உள்ளங்கையிலேயே விரலால் எழுதிப் பார்த்தாள். நாலு எக்ஸும் இருபத்தெட்டும் சேர்ந்து நாற்பது. இருபத்தெட்டைக் கழித்தால் பன்னிரண்டு. நாலால் வகுத்தால் மூன்று.

"மூணு நிமிஷம்க்கா."

"மூணா? குடோனைச் சுத்திப் போய்ச் சேரவே ரெண்டு நிமிஷம் ஆகுதே. திரும்பி வர ரெண்டு. ஆக நாலு. மத்ததெல்லாம் எப்ப?"

ஆபீஸ்காரர்களின் கழிவறை பெல்ட்டிலிருந்து பத்தடிதான். ஆனால் அதற்குப் பூட்டு இருந்தது.

டீ நேரத்தில் கிழிந்த அட்டை ஒன்றை எடுத்து, பெட்டிகளில் குறி போடும் மார்க்கரால் லேபிள்காரி கணக்கைப் புதிதாகப் போட்டாள். எக்ஸோடு நடைக்கு நாலைச் சேர்த்து அடைப்புக்குறிக்குள் வைத்தாள், நாலால் பெருக்கினாள். நாலு எக்ஸ், அதோடு பதினாறு, அதோடு இருபத்தெட்டு, எல்லாம் சேர்ந்து நாற்பது. டேப் ஒட்டுகிறவர்கள், அடுக்குகிறவர்கள் எல்லோரும் டம்ளரோடு சுற்றி நின்றார்கள்.

"மைனஸ் ஒண்ணு" என்றாள்.

"அப்படின்னா?"

"உள்ள போறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே வெளிய வந்துடணும்."

"போகாமலே எப்படிடி வர்றது?" என்றாள் பெரியக்கா. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "ஐயோ, சிரிக்க வைக்காதடி. சிரிச்சா இங்கயே ஆயிடும்."

எல்லோருக்கும் ஒரே உற்சாகம். கத்தினால் கேட்காதவர் கணக்குக்குக் கட்டுப்படுவார் என்று முடிவு செய்தார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு இருவரும் ஆபீஸுக்குப் போனார்கள்.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துப் பெரிதாக ஒரு டிக் போட்டார்.

"பிரமாதம்மா! அடைப்புக்குறியைப் பிரிச்சிருக்கீங்க பாருங்க, அழகு!"

"விடை மைனஸ்ல வருதே, சார்."

"ஆமா. நேரம் மைனஸ்ல வரக்கூடாது. அப்ப தப்பு என்னோடதுதான்."

பெரியக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இருபது வருஷத்தில் எந்த மேனேஜரும் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"அந்தப் பத்தடிக் கதவைத் திறந்துட்டா நடைக்கு நாலு நிமிஷமே வேண்டாம், சார்" என்றாள் லேபிள்காரி.

"அது இந்தக் கணக்குல வராது" என்றார் மேனேஜர். பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "நாப்பது கம்பெனி ரூல், தொட முடியாது. சாப்பாடு, டீ சட்டம். நடை தூரத்தைப் பொறுத்தது. அப்ப மாத்தக்கூடியது எது?" அவர் கண்கள் பளிச்சிட்டன. அடைப்புக்குறிக்கு முன்னால் இருந்த நாலை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். "இப்பப் போடுங்க."

லேபிள்காரியின் மனசு பழக்கதோஷத்தில் தானாகவே போட்டது. இரண்டு எக்ஸும் முப்பத்தாறும் நாற்பது.

"ரெண்டு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது.

"ப்ளஸ் ரெண்டு! மைனஸ் ஒண்ணுலேருந்து மூணு நிமிஷம் ஏத்திக் குடுத்திருக்கேன், பாத்தீங்களா?"

"சார், அவங்களுக்குச் சக்கரை. ரெண்டே தடவைன்னா எப்படி?"

"சமன்பாடு எல்லாருக்கும் ஒண்ணுதான்மா. அதோட அழகே அதானே."

மதியம் புது நோட்டீஸ் வந்தது. கழிவறை ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு நிமிஷம். கீழே, "கணக்கைத் திருத்த உதவிய லேபிள் பிரிவு ஊழியருக்குப் பாராட்டுகள்" என்று இருந்தது. அதற்குப் பிறகு வரிசையில் யாரும் அவளோடு பேசவில்லை. லேபிள் கோணிக் கோணிப் போனது.

"விடுடி" என்றாள் பெரியக்கா, டேப்பை இழுத்தபடி. "நீ சரியாத்தானே போட்ட."

மறுநாள் காலை லேபிள்காரி கேட்டுக்கு வந்தபோது, பெரியக்கா சுவரோரம் நின்று தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். சர்க்கரைக்குத் தாகம் தாங்காது. நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவள் ஒரே ஒரு வாய் எடுத்து, கொப்பளித்து, துப்பினாள். மீதியைச் சொட்டு விடாமல் மண்ணில் கவிழ்த்துவிட்டு, காலி பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.