மஞ்சள் பொட்டு செட்

வாயில் வறுத்த கடலை, காதில் மஞ்சள் பொட்டு. அன்று காலை என் வேலை அப்படித்தான் தொடங்கியது. கடலை தின்பதற்குச் சம்பளமா என்று கேட்டுவிடாதீர்கள். இயர்போனைச் செருகிக்கொண்டு பொம்மை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தால் எந்த இயர்போனும் வலிக்காது. மெல்லும்போது தாடை அசையும், தாடையோடு காதின் உட்புறமும் அசையும், அப்போதுதான் உள்ளே இருப்பது விருந்தாளியா வீட்டு ஆளா என்று தெரியும். மெல்ல வேண்டும், கொட்டாவி விட வேண்டும், சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும், மேஜையில் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கிற புது ஆட்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோவார்கள். நான் கண்டுகொள்வதில்லை.

எங்கள் கம்பெனி நடு விலை இயர்போன் செய்கிறது. மலிவானதை வாங்குகிறவர் அது பாடினாலே சந்தோஷப்படுவார். விலை கூடியதை வாங்கியவர் காது புண்ணானாலும் வெளியே சொல்லமாட்டார், கௌரவக் குறைச்சல். நடு விலைக்காரர்தான் பொல்லாதவர். யோசித்து யோசித்து வாங்குவார், வாங்கிய பிறகு ஒரு குறையையும் விடமாட்டார். அந்தப் பொல்லாதவரின் வேலையைத்தான் அவருக்கு முன்பாகவே நான் செய்துவைக்கிறேன். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய இந்தச் சின்ன அறையிலிருந்து நான் சரி என்று சொல்லாமல் ஒரு மாடலும் கடைக்குப் போனதில்லை. வாசல் காவலரிலிருந்து மேலாளர் வரை எனக்குக் காதக்கா என்றுதான் பெயர். எனக்குத் தலைக்கனம் என்று சிலர் சொல்வதும் காதில் விழுந்திருக்கிறது. விழாமல் இருக்குமா, என் காதாயிற்றே.

மாடியில் இருக்கிற வடிவமைப்புப் பிரிவிலிருந்து மாதிரிகள் பெயரில்லாமல்தான் கீழே வரும். அட்டைப்பெட்டியில் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். எந்தப் பொட்டு யாருடையது என்று மேலாளருக்கு மட்டும் தெரியும். இந்த முறை நீலம், மஞ்சள் என்று இரண்டு வந்திருந்தன. அதில் ஒன்று இவருடையது. இவர் என்றால் என் வீட்டுக்காரர். மாடியில் எத்தனையோ வருஷமாக அடுத்தவர் வரைந்ததைத் திருத்திக்கொண்டிருந்தவருக்கு, இப்போதுதான் முழுக்க முழுக்கத் தன் கையால் ஒரு செட் செய்யும் வாய்ப்பு கிடைத்திருந்தது. நான் தேர்ந்தெடுப்பதற்கு உடனே தயாரிப்புக்கான அச்சு வெட்டிவிடுவார்கள். தள்ளியது மாடிக்குத் திரும்பிப் போகும். மறுபடி எப்போது அவருக்கு முறை வரும் என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. செருப்போடு சேர்த்து வேலையையும் வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும் என்று கல்யாணமான புதிதில் நான் போட்ட சட்டம் அது. இவரும் மீறியதில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க நகக்கண்ணில் வெள்ளைத் தூளோடு வீட்டுக்கு வருவார். மாதிரிக் கூட்டை உப்புத்தாளால் தேய்த்த தூள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் அடுப்பைப் பார்ப்பேன். எந்தப் பொட்டு என்று ஊகிக்கவும் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டிருந்தேன்.

என் காதைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வலது காதின் உள் மடிப்பில் பிறவியிலேயே ஒரு சின்னப் புடைப்பு உண்டு. பார்த்தால் தெரியாது, விரலை வைத்தால் தெரியும். எந்த இயர்போனைப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் நோகும். அது என் காதின் தகராறு, பொருளின் குற்றம் இல்லை என்று அதைக் கழித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வேன். அந்த நேர்மையில் எனக்குப் பெருமை உண்டு.

நீலப் பொட்டு நல்ல பிள்ளை. ஒயரை விரலில் சுற்றி இழுத்தேன், இரண்டாகப் பிரிகிற இடத்தில் பிடிப்பு கெட்டியாக இருந்தது. தும் தும் என்கிற அடிச்சத்தம் கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது, பாடுகிறவரின் குரலை லேசாக மூடியது. வலது காதில் வழக்கமான நோவு. கழித்துவிட்டேன். மொத்தத்தில், கொடுக்கிற காசுக்குக் குறை சொல்ல முடியாது.

பிறகு மஞ்சளைப் போட்டேன். போட்டேன் என்று சொல்வதே தப்பு, அது தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கடலை தீர்ந்தது, கொட்டாவி விட்டேன், மேஜையில் படுத்தேன், நோகவில்லை. வலது காதிலும் நோகவில்லை. வெளிச்சத்தம் அப்படியே அடங்கி, என் மூச்சு எனக்கே கேட்டது. சோதனைக்கென்று நான் பதிந்து வைத்திருக்கும் சத்தங்களைப் போட்டேன். “பஸ்ஸை விட்டுட்டு ஸ்டேஷன்ல நின்னு சிரிச்சாளாம்” என்று ஒரு பெண் வேகமாகச் சொல்வாள். மட்டமான செட்டில் அந்த ஸ் எல்லாம் ஊசி மாதிரி குத்தும். இதில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருந்தது. எவர்சில்வர் மூடி தரையில் விழுந்து சுழன்று அடங்குகிற சத்தத்தில் கடைசிச் சுற்று வரைக்கும் தனித்தனியாகக் கேட்டது. அந்தக் கடைசிச் சுற்றை நானே அதுவரை கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது இவருடையதாக இருக்க வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்ததற்காக என்னையே அதட்டிக்கொண்டேன்.

பிற்பகல் கூட்டத்துக்கு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். எனக்கு அடுத்து மூன்று பேர் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துப் போட்டுப் பார்த்திருந்தார்கள். கணக்குப் பிரிவுப் பெண்ணுக்குச் சின்னக் காது, வேன் டிரைவருக்கு முறம் மாதிரி காது, கேன்டீன் அக்காவுக்கு இரண்டுக்கும் நடுவில். மேலாளர் என்னைத்தான் முதலில் கேட்டார்.

“மஞ்சள்தான் சார். இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல,” என்றேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேன்டீன் அக்காதான் வாயைத் திறந்தாள்.

“எனக்கு வலது பக்கம் நிக்கவே மாட்டேங்குதுக்கா. குனிஞ்சா விழுந்துடுது.”

“சரியா செருகியிருக்க மாட்ட. திருப்பி வச்சுப் பாரு.”

“எல்லாப் பக்கமும் திருப்பியாச்சு,” என்றார் வேன் டிரைவர். “சத்தம் கசியுது. அடிச்சத்தமே கேக்கல. தகர டப்பால பேசற மாதிரி இருக்கு.”

தகர டப்பாவா! கணக்குப் பிரிவுப் பெண் பாவம். சிவந்திருந்த காதை மட்டும் திருப்பிக் காட்டினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. இவர்களுக்குக் காது இருக்கிறதா, இல்லை தலைக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடியா என்று கேட்க வாய் வந்தது. மேலாளர் சமாதானமாகச் சொன்னார்: “காதக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். மஞ்சளுக்கே அச்சு வெட்டச் சொல்லிடலாமா?”

வெட்டச் சொல்லுங்கள் என்று சொல்லத்தான் செட்டைக் கையில் எடுத்தேன். எடுத்தவள் சும்மா இருந்திருக்கலாம். பழக்கதோஷம், இடது கூட்டையும் வலது கூட்டையும் எதிரெதிராக வைத்து விரலால் தடவினேன். கண்ணாடியில் பார்ப்பது போல ஒன்றுக்கொன்று சரியாக இருக்க வேண்டும். இல்லை. வலது கூட்டில் ஓர் இடத்தில் மெல்லிய குழிவு இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரிந்தது. அந்தக் குழிவுக்கு ஏற்ற மேட்டை நான் பிறந்ததிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறேன்.

உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அது என்னைப் பெற்றவளுக்கும், தலை சாய்த்தால் தொடுகிற தூரத்தில் படுத்திருக்கிற ஒருவருக்கும் மட்டும் தெரிந்த இடம். இடது கூட்டும் என் இடது காதுதான். முழு செட்டும் நான்தான். இத்தனை பேர் காதுக்குத் தீர்ப்புச் சொல்கிறவள், என் சொந்தக் காதைக் கழிக்க மறந்து, உலகத்திலேயே நல்ல இயர்போன் இதுதான் என்று சத்தியம் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது என்று சொன்னால் நாகரிகமாக இருக்கும். வெட்கம் இருந்தது, கொஞ்சம். மீதியெல்லாம் பெருமைதான். எழுந்து நின்று கத்தலாம் போல இருந்தது.

மேலாளர் காத்துக்கொண்டிருந்தார். ஒரு ‘உம்’ போதும், இவருடைய பெயரில் முதல் செட் கடைக்குப் போய்விடும். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் விஷயம்.

“வேணாம் சார். நீலத்துக்கே வெட்டச் சொல்லுங்க.”

“என்ன திடீர்னு?”

“இது ஒருத்தர் காதுக்கு மட்டும்தான் பொருந்தும். என் காதுக்கு.”

மேலாளர் பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு புரிந்துகொண்டு மேஜையைப் பார்த்தார். வேன் டிரைவர்தான் முதலில் சிரித்தார். “குடுத்து வச்சவங்கக்கா நீங்க,” என்றார். தள்ளிய மாதிரிகளை மாடிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“எடுத்துட்டுப் போங்க,” என்றார் மேலாளர். “வேற யாருக்கும் ஆகாது.”

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது இவர் எனக்கு முன்பே வந்து, கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். சட்டைகளின் ஓரத்தை இத்தனை நுணுக்கமாகச் சேர்த்து மடிக்கிறார் என்றால் மனசு சரியில்லை என்று பொருள். மாடிக்குச் செய்தி போயிருக்கிறது. நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“வேலையப் பத்தி ஒண்ணு கேக்கணும்.”

“வாசல்லயே விட்டுட்டு வரணும்னு சட்டம் போட்டது நீதான்.”

“போட்டவளுக்கு எடுக்கவும் தெரியும். யார் காத வச்சுத் தேய்ச்சீங்க?”

“மாடியில காது அச்சுங்க கெடக்குதே, அத வச்சுத்தான்.”

“பொய்.”

“எதுக்குப் பொய் சொல்லணும்?” துணியை வைத்துவிட்டார். “அச்சுலேர்ந்துதான் ஆரம்பிச்சேன். ஆனா எதக் கையில எடுத்தாலும் காது மாதிரியே தெரியல. எங்கயோ இடிக்குது, ஏதோ கொறையுதுன்னு தோணிட்டே இருந்துச்சு. உப்புத்தாள எடுத்து நானே சரி பண்ணேன்.”

“எதப் பாத்து சரி பண்ணீங்க?”

“எதையும் பாக்கல. காதுன்னா இப்படித்தானே இருக்கும்னு நெனச்சேன்.”

பக்கத்தில் போய் உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, அவர் கையைப் பிடித்துக் கட்டைவிரலை என் வலது காது மடிப்பில் வைத்தேன். விரல் அந்த மேட்டின் மேல் ஒரு முறை போனது, திரும்பி வந்தது, அங்கேயே நின்றது.

“ஐயோ,” என்றார்.

மடித்த சட்டை ஒன்றை உதறி மறுபடி மடித்தார். பிறகு தாங்கமாட்டாமல் கேட்டார்: “நீ சரின்னு சொல்லியிருந்தா மேலாளர் தட்டியிருக்க மாட்டாரே?”

“மாட்டாரு. கடை கடையா என் காது வித்திருக்கும். வாங்கினவங்க எல்லாம் உங்களத் திட்டியிருப்பாங்க. உங்களத் திட்டறதுக்கு நான் ஒருத்தி போதும்.”

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கோபம் இருந்தது, இருக்கத்தானே செய்யும். நானாக இருந்தால் தட்டை உடைத்திருப்பேன். சாப்பிடும்போது மட்டும் தலையைத் தூக்காமல், “சத்தம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். மூடியின் கடைசிச் சுற்று வரைக்கும் கேட்டது என்றேன். மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்துக்காக இன்னும் பத்து செட்டைத் தள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் மஞ்சள் பொட்டு என் காதில் இருந்தது. தெருவின் இரைச்சல் அடங்கி, மெல்லிய வீணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக என் பக்கத்திலேயே நிற்கிற இவர் அன்று வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் சங்கடப்பட்டு முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் இவரை முறைத்தார். இவருக்கு எதுவும் உறைக்கவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபடியே என்னிடம் வந்து ஏதோ மளமளவென்று சொன்னார். உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கழற்ற மனசில்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சொல்லிக்கொண்டே வலது கையை எங்கள் இருவருக்கும் நடுவில் தூக்கி, கட்டைவிரலால் காற்றில் ஒரு வளைவைத் தேய்த்துக் காட்டினார். பெரிதாக, அகலமாக, மடிப்பில் எந்த மேடும் இல்லாமல் வழுவழுவென்று போனது அந்த விரல். பார்த்ததுமே தெரிந்தது, அது என் காது இல்லை.