சாமியார் பள்ளிக்கூடத்தில் மிதந்த பிள்ளைகள்

தருவைகுளத்துக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள சாமியார் பள்ளிக்கூடத்தில், ஆடி மாதம் முதல் வாரத்திலிருந்து பிள்ளைகள் காலை ஒன்பதரைக்கு மிதக்கத் தொடங்கி, மதியச் சத்துணவு சாப்பிட்டதும் தரை இறங்கினார்கள். ஒன்றாம் வகுப்பு ஒரு சாண் உயரம். நான்காம் வகுப்பு ஜாஸ்லின் உத்தரம் வரை போய்விடுவாள். அவள் அப்பா பிராங்க்ளின் விடியுமுன் சங்கு குளிக்கப் போய்விடுவார். அம்மா ஆறு மணிக்கே இறால் கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். பிள்ளைக்கு ஒரு டம்ளர் கடுங்காப்பிதான். முக்கால்வாசிப் பேர் வீட்டிலும் இதே கதைதான். எதிர்த்தெரு அரசுப் பள்ளியில் காலையில் கிச்சடியும் பொங்கலும் போட்டார்கள்; அங்கே ஒருவரும் மிதக்கவில்லை. சாமியார் பள்ளி போல அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அந்தக் காலை உணவுத் திட்டம் இன்னும் வந்திருக்கவில்லை. இங்கேயும் ஆசிரியர் சம்பளம் அரசு, பாடப் புத்தகம் அரசு, மதியச் சோறு அரசு. காலைப் பசி மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை. இதில் என்ன நியாயமோ, தெரியாது.

தலைமையாசிரியை பிளாரன்ஸ், பிள்ளைகள் வெளியே போய்விடாதபடி கூரையில் உடைந்த ஓடுகளை அடைத்து, மேலே இருப்பவர்களுக்கும் தெரியும்படி கரும்பலகையைச் சாய்த்துவைத்துப் பாடம் நடத்தினார். காலை உணவு கேட்டு மனுவும் போட்டார். விசாரிக்க வட்டாரக் கல்வி அலுவலர் செந்தில்முருகன் வருவதாகத் தகவல் வந்ததும் ஊர்க்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். டீச்சர் அவரை அழைத்துவர பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்த நேரத்தில், பிராங்க்ளினும் மற்ற சங்கு குளிப்பவர்களும் தாங்கள் முங்குவதற்குக் கட்டும் ஈயக் கட்டிகளைப் பிள்ளைகள் இடுப்பில் கட்டிவிட்டார்கள். அலுவலர் பார்த்தார், எல்லாரும் பெஞ்சில் இருந்தார்கள். 'தேவை எழவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.

"ஆபீசர் முன்னால பறந்தா, பிள்ளைக்குச் சோறு போட வக்கில்லாதவன்னுல்லா நம்மளச் சொல்லுவாரு, டீச்சர்" என்றார் பிராங்க்ளின்.

"பசிய ஒளிச்சு வச்சுட்டுச் சோறு கேட்டா யாருய்யா தருவா?"

பிராங்க்ளின் குனிந்து, மகளின் இடுப்பிலிருந்த கட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

அடுத்த திங்கட்கிழமை, முப்பத்தெட்டுப் பிள்ளைகளையும் வலைக்கயிற்றில் கோத்து, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். நிற்க இடமில்லாத பேருந்தில் பிள்ளைகள் கூரையோடு ஒட்டி வந்தது எல்லாருக்கும் வசதியாகவே இருந்தது. கூட்ட அரங்கில் பிள்ளைகள் விசிறி உயரத்துக்குப் போய்விட்டதால் விசிறிகளை நிறுத்த வேண்டியதாயிற்று. அதிகாரிகளுக்கு வேர்த்து ஊற்றியது. "தனியார் நிர்வாகத்துக்கு விதியில இடமில்லையேம்மா" என்றார் ஒருவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

"பசி என்ன சார், மேனேஜ்மெண்ட் பாத்தா வருது?" என்றார் பிளாரன்ஸ்.

அத்தனை பேர் பார்க்க, மகளின் கயிற்றைப் பிடித்தபடி பிராங்க்ளின் தலை நிமிர்ந்து நின்றார். கடலடியில் மூச்சை அடக்கியவருக்கும் அந்த நிற்பு லேசானதல்ல. அதிகாரிகளோடு இருந்த செந்தில்முருகன் அங்கேயே தம் அறிக்கையை வாங்கி, முதலில் எழுதியதை அடித்துவிட்டு, 'மாணவர்கள் மேலே உள்ளனர்' என்று திருத்தினார். மனுவை மேலிடத்துக்கு அனுப்பிய பிறகுதான் விசிறிகள் சுற்றின.

அடுத்த ஜூனில் உத்தரவு வந்தது. முதல் நாள் ரவை உப்புமாவும் சாம்பாரும். அன்று ஒருவரும் மேலே போகவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்த ஜாஸ்லின் வாசலில் ஓடி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அதைப் பார்த்து பிளாரன்ஸ் டீச்சர் சந்தோஷத்தில் அழுதுவிட்டார்.

திட்டம் ஐந்தாம் வகுப்போடு சரி. மறுவருடம் அதே பள்ளியில் புதிதாகத் தொடங்கிய ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஜாஸ்லின், முதல் மணி அடித்ததும் பழையபடி உயர்ந்தாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. டீச்சர் வெள்ளைத்தாள் எடுத்து அடுத்த மனுவை எழுத உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலிருந்து ஜாஸ்லின் வரிவரியாக வாசித்துக்கொண்டே வந்தாள்.

"ஆறாம் வகுப்புக்குன்னு எழுதாதீங்க டீச்சர். எட்டு வரைக்கும்னு ஒரேயடியா எழுதிருங்க."

டீச்சர் அப்படியே எழுதினார்.